சலூன் நாற்காலியும் ஆண்களின் மனமும்: ‘பார்பர் ஷாப் க்ரானிக்கிள்ஸ்’ நாடகம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2010 வாக்கில் இனுவா எல்லம்ஸ் என்ற இளம் கவிஞர் லண்டனில் ஒரு திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டார். முடிவெட்டுபவர்களுக்கு மனநல ஆலோசனையின் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுக்கும் சிறிய முன்னோடித் திட்டம் அது. டாக்டரிடம் போகாத ஆண்கூட மாதம் ஒரு தடவையாவது சலூனுக்குப் போவான். அங்கே உட்கார்ந்து வேலை போனது, மனைவி பேசாதது, தூக்கம் வராதது எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். கத்தரி பிடித்திருப்பவருக்கு எதைக் கவனிக்க வேண்டும், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் ஓர் உயிர்கூடப் பிழைக்கலாம். இதுதான் யோசனை. பயிற்சி தேவைப்படும் அளவுக்குச் சலூன் பேச்சு ஆழமாகப் போகிறதா என்று எல்லம்ஸ் வியந்தார். அந்த வியப்பை அவர் விடவில்லை.

2017 மே மாதக் கடைசியில் லண்டன் நேஷனல் தியேட்டரின் டார்ஃப்மேன் அரங்கில் அவர் எழுதிய ‘பார்பர் ஷாப் க்ரானிக்கிள்ஸ்’ மேடையேறியது. ஃப்யூயல் என்ற தயாரிப்புக் குழு, நேஷனல் தியேட்டர், இப்போது லீட்ஸ் ப்ளேஹவுஸ் என்று அழைக்கப்படும் வெஸ்ட் யார்க்ஷயர் ப்ளேஹவுஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து தயாரித்தன. இயக்கம் பிஜான் ஷெய்பானி. நடிகர்கள் 12 பேர், எல்லோரும் கறுப்பின ஆண்கள். கதை நடப்பது 6 நகரங்களில், ஒரே நாளில். இடைவேளை கிடையாது, மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம். நுழைவுச்சீட்டு கிடைக்காத அளவுக்குக் கூட்டம் வந்ததால் அதே ஆண்டு இறுதியில் அதே அரங்குக்குத் திரும்பி வந்தது. பிறகு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா என்று சுற்றியது.

ஆண்களின் மனநலம் என்றதும் எல்லோரும் சொல்வது, “ஆண்கள் மனசு விட்டுப் பேச மாட்டார்கள்” என்பது. இந்த நாடகத்து ஆண்களோ வாயை மூடுவதே இல்லை. கால்பந்து, அரசியல், பெண்கள், கடவுள், பிள்ளை வளர்ப்பு, மொழி என்று பேச்சு பாய்ந்துகொண்டே இருக்கிறது. அப்படியிருந்தும், சொல்லியே ஆக வேண்டிய ஒரு விஷயம் கிட்டத்தட்டக் கடைசிவரை சொல்லப்படாமல் கிடக்கிறது. பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத இடத்திலும் ஏதோ ஒன்று பேசப்படாமல் போகிறது, அது எது, ஏன் என்று காட்டியதுதான் இந்த நாடகம் செய்த பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் இதை ஒரு நிகழ்வாக எடுத்து ஆராய வேண்டும் என்று தோன்றியது.

ஏன் சலூன்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தற்கொலை செய்துகொள்பவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆண்கள். 1990களின் நடுப்பகுதியிலிருந்தே இந்த நிலை பெரிதாக மாறவில்லை. இது எல்லா இன ஆண்களையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. கறுப்பின ஆண்களுக்கு இதோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மனநலச் சட்டத்தின் கீழ் கட்டாயமாக மருத்துவமனையில் வைக்கப்படும் விகிதம் இங்கிலாந்தில் வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ நான்கு மடங்கு. தானாகப் போய் உதவி கேட்டுச் சேர்ந்தவர்கள் அல்ல இவர்கள். பலர் நெருக்கடி முற்றிய பிறகு, போலீஸ் வழியாக உள்ளே வந்தவர்கள்.

டேவிட் பென்னட் என்ற பெயர் அந்த நாட்டுக் கறுப்பினக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். 38 வயது, மனச்சிதைவு நோயாளி, ட்ரம்ஸ் வாசிப்பவர். 1998 அக்டோபரில் நார்விச்சில் ஒரு மனநல மருத்துவமனையில் இன்னொரு நோயாளி அவரை இனத்தைச் சொல்லித் திட்டினார். தகராறு நடந்தது. வேறு வார்டுக்கு மாற்றப்பட்டவர் அவர்தான். அங்கே அவர் கோபப்பட்டபோது ஊழியர்கள் தரையில் குப்புறப்போட்டு அழுத்திப் பிடித்தார்கள். நீண்ட நேரம் பிடியைத் தளர்த்தவில்லை. அவர் இறந்துபோனார். 2004ல் வெளிவந்த விசாரணை அறிக்கை, பிரிட்டனின் பொது மருத்துவ அமைப்பின் மனநலப் பிரிவில் நிறுவனமயமான இனவெறி இருக்கிறது என்று நேரடியாகவே சொன்னது. இப்படி ஒரு கதை ஊரில் உலவும்போது, மனசு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போ என்று தம்பியிடம் எந்த அண்ணன் லேசாகச் சொல்வான்?

சலூன் அப்படியல்ல. சுருள்முடி வெட்டத் தெரியாத கடைகளில் அலைந்து சலித்த முதல் தலைமுறைக் குடியேறிகள் தங்களுக்கென்று கடைகள் போட்டார்கள். லண்டனின் பெக்கம் பகுதியில் அப்படிப்பட்ட கடைகளை இன்றும் வரிசையாகப் பார்க்கலாம். வேலை எங்கே கிடைக்கும், விசா விவகாரத்துக்கு எந்த வக்கீல் நல்லவர், ஊரில் யார் செத்தார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். முடி வெட்டிக்கொள்ளாமலேயே நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களும் உண்டு.

நம் ஊரில் முடிதிருத்தும் தொழில் மேல் சாதி ஏற்றிவைத்த சுமை இன்னும் இறங்கவில்லை. கேட்டுக்கொண்டிருப்பவரைச் சமமாக நினைக்காமலேயே அவரிடம் மனசைக் கொட்டுகிற வழக்கமும் நம்மிடம் இருந்தது. நாடகத்தில் வரும் சலூன்காரருக்கு அந்தச் சுமை கிடையாது. அவர் கடைக்கு முதலாளி, வருகிறவர்களுக்குப் பெரியவர், சண்டை வந்தால் பஞ்சாயத்து செய்கிறவர். இதை மறந்துவிட்டுப் பார்த்தால் பல காட்சிகளின் எடை நமக்குப் புரியாமல் போய்விடும்.

60 மணி நேரப் பதிவு

எல்லம்ஸ் 1984ல் நைஜீரியாவின் ஜோஸ் நகரில் பிறந்தவர். அப்பா முஸ்லிம், அம்மா கிறிஸ்தவர். அவருக்கு 12 வயதானபோது குடும்பம் லண்டனுக்கு வந்தது. பிறகு டப்ளினில் சில வருடம், மறுபடி லண்டன். ஊர் மாறும்போது ஒரு பையன் புதிதாகத் தேட வேண்டியவற்றில் சலூனும் ஒன்று.

2013ல் அவர் ஆறு வாரம் ஆப்பிரிக்காவில் பயணம் செய்தார். ஊர் ஊராகச் சலூன்களில் உட்கார்ந்து பேச்சைப் பதிவு செய்தார். திரும்பி வரும்போது கையில் 60 மணி நேர ஒலிப்பதிவு இருந்தது. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆண்மை என்றால் என்ன என்று கேள்வித்தாள் நீட்டியிருந்தால், ஒவ்வொருவரும் தாங்கள் சொல்ல விரும்பும் பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர் காத்திருந்து கேட்டார். ஒருவன் தன் அப்பாவைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பது, பிள்ளையை அடிக்கலாமா கூடாதா என்ற வாக்குவாதத்தின் நடுவே தன்னால் வெளியே வரும். நாடகத்தின் வசனங்களில் இந்தச் சுற்றுவழித் தன்மை அப்படியே இருக்கிறது. யாரும் “எனக்கு மன அழுத்தம்” என்று சொல்வதில்லை. மண்டேலாவைத் திட்டுகிறார்கள். ஆங்கிலமும் உள்ளூர் மொழிகளும் கலந்த பிஜின் மொழிக்கு மரியாதை வேண்டுமா என்று கத்துகிறார்கள். அதற்குள்ளிருந்து ஆள் எட்டிப் பார்க்கிறான்.

ஒரு நாள், ஆறு நகரம்

லேகாஸில் விடியற்காலையில் தொடங்குகிறது. சலூன்காரர் தூங்கிக்கொண்டிருக்கிறார், ஒருவன் வந்து கதவைத் தட்டி எழுப்புகிறான். வேலைக்கான நேர்காணல் இருக்கிறது, இப்போதே முடி வெட்டியாக வேண்டும். தூக்கம் கெட்டவருக்கு எரிச்சல். இருந்தும் எழுந்து வெட்டிவிடுகிறார். ஒரு ஆண் உலகத்தின் முன்னால் போய் நிற்பதற்கு முன்பு, தன்னைச் சரிபார்த்துக்கொள்ள வந்து நிற்கும் இடம் இது என்பதை நாடகம் முதல் நிமிடத்திலேயே நமக்குக் காட்டிவிடுகிறது.

அங்கிருந்து மற்ற ஆப்பிரிக்க நகரங்களான அக்ரா, கம்பாலா, ஜோகன்னஸ்பர்க், ஹராரே என்று தாவித் தாவி, ஒவ்வொரு தாவலுக்கும் நடுவே லண்டனில் உள்ள ‘த்ரீ கிங்ஸ்’ கடைக்குத் திரும்புகிறது. அன்று செல்சி அணிக்கும் பார்சிலோனாவுக்கும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். எல்லா ஊர்க் கடைகளிலும் அதே ஆட்டம் ஓடுகிறது. கோல் விழுந்தால் ஒரு கண்டம் முழுவதும் துள்ளுகிறது. ஒரே ஜோக் ஒரு ஊரில் சொல்லப்பட்டு, வேறு ஊரில் வேறு வாயில் கொஞ்சம் மாறி மறுபடி வருகிறது. ஐரோப்பாவில் தனியாகக் கிடப்பதாக நினைக்கும் ஒருவன் உண்மையில் எவ்வளவு பெரிய பேச்சுக்குள் இருக்கிறான் என்று உணர்த்த இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

கம்பாலா காட்சியில் ஒருபால் ஈர்ப்பு பற்றிய விவாதம் வருகிறது. உகாண்டாவில் அது சட்டப்படி குற்றம். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வதில் பலது காதில் விழவே கூடாத பேச்சு. எல்லம்ஸ் அதை மெழுகிப் பூசவில்லை. சிரித்துக்கொண்டே ஒருவன் இன்னொருவனைப் பேசவிடாமல் செய்வதை அப்படியே காட்டுகிறார். சலூன் எல்லா ஆண்களுக்கும் பாதுகாப்பான இடம் என்று நம்பி உட்கார்ந்திருந்த பார்வையாளருக்கு அங்கே ஒரு இடறல். கடையில் நடப்பதைக் கேட்டுக்கொண்டு மூலையில் ஒரு ஓரினச் சேர்க்கையாளன் இருந்தால், அவன் அன்று வாயே திறக்க மாட்டான்.

அப்பாக்கள்

ஆறு நகரத்துப் பேச்சையும் ஒன்றாகக் கட்டுவது கால்பந்து அல்ல, அப்பாக்கள்தான். இல்லாத அப்பா, அடித்த அப்பா, சிறைக்குப் போன அப்பா, நாட்டுக்கே அப்பா.

ஜோகன்னஸ்பர்க்கில் சிம்ஃபிவே என்ற பெரியவர் குடித்துவிட்டு வந்து மண்டேலாவை ஏசுகிறார். மன்னித்துவிடு என்று சொல்லிவிட்டார், சரி. எங்கள் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது அவர் கேள்வியின் சாரம். அரசியல் வாதமாகத்தான் தொடங்குகிறது. கேட்கக் கேட்க, அது ஒரு தந்தையிடம் மகன் வைக்கும் குற்றச்சாட்டாக மாறுகிறது. ஒரு தேசமே சமாதானமாகப் போக முடிவெடுத்தபோது, தனி மனிதனுக்குள் அழுத்தி வைக்கப்பட்ட ஆத்திரம் குடியாகவும் தனிமையாகவும் வெளியே வருவதை இந்த ஒரு காட்சியில் பார்க்க முடிகிறது. கடையில் இருக்கும் இளைஞர்கள் அவரை விரட்டுவதில்லை. ஒத்துக்கொள்வதும் இல்லை. இருக்க விடுகிறார்கள்.

நாடகத்தின் முதுகெலும்பு லண்டன் கதை. கடைக்கு உரிமையாளர் இமானுவேல். அவரிடம் வேலை பார்க்கும் சாமுவேல் சின்னப் பையன். சாமுவேலின் அப்பா முன்பு இந்தக் கடையில் பங்குதாரர், இப்போது சிறையில். தன் அப்பாவுக்கு இமானுவேல் துரோகம் செய்துவிட்டார் என்று சாமுவேல் உறுதியாக நம்புகிறான். ஒரே கடையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் நின்று இருவரும் வேலை செய்கிறார்கள். பையன் வாடிக்கையாளர் முன்னாலேயே வெடுக்கென்று பேசுகிறான், பெரியவரின் கேள்விக்கு அவமரியாதையாகப் பதில் சொல்கிறான், மெஷினைக் கீழே வைக்கிற சத்தத்தில்கூடக் கோபம் இருக்கிறது. இமானுவேல் பொறுத்துக்கொள்கிறார்.

உண்மை வேறு. அப்பா செய்தது மகன் நம்பியதுபோல் இல்லை. இமானுவேலுக்கு அது ஆரம்பத்திலிருந்தே தெரியும். அப்பாவைப் பற்றி மகன் மனதில் இருக்கும் உருவம் உடையக் கூடாது என்று, துரோகி என்ற பட்டத்தைத் தானே சுமந்திருக்கிறார்.

இந்த இடத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஆண்களின் மௌனம் என்றால் நாம் வீம்பு, கல்நெஞ்சம், வெட்கம் என்று எண்ணிக்கொள்கிறோம். இமானுவேலின் மௌனம் பாசம். அந்தப் பாசம் பையனுக்கு என்ன கொடுத்தது? பல வருடக் கசப்பு. கையெட்டும் தூரத்தில் தகப்பன் ஸ்தானத்தில் ஒருவர் இருந்தும், அவரை வெறுத்துக்கொண்டே வளர்ந்தான். நல்ல எண்ணத்தில் மூடிவைத்ததும் காயப்படுத்தும் என்பதை எல்லம்ஸ் எந்த விளக்கமும் இல்லாமல் வைக்கிறார். அப்பாவாக இருப்பதென்றால் பிள்ளையிடம் வலியைக் காட்டாமல் இருப்பது என்று நம்பி வாழும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் காட்சி சுடும். முதல் தயாரிப்பில் சாமுவேலாக ஃபிசாயோ அகினேடும் இமானுவேலாக சிரில் ன்ரியும் நடித்தார்கள். பெரியவர் கடைசியில் பேசும்போது குரலை உயர்த்தாமல், வேலைச் சோர்வோடு பேசுவதுபோல் பேசுவார். அதனால்தான் அது தாங்க முடியாததாக இருக்கிறது.

கடைசியில் லண்டன் கடைக்கு ஒரு இளம் நடிகன் வருகிறான். நடிகர் தேர்வுக்குப் போகிறான். ‘வலிமையான கறுப்பின ஆண்’ என்று பாத்திரத்தைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். அப்படி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிறான். காலையில் நேர்காணலுக்கு முடி வெட்ட வந்தவனும் இவனும் ஒரே தேவையோடு வந்தவர்கள்தான். இவனால் அதை வாய்விட்டுக் கேட்க முடிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மேடை செய்த வேலை

வசனத்தை மட்டும் படித்தால் இந்த நாடகத்தில் பாதிதான் கிடைக்கும். ரே ஸ்மித் வடிவமைத்த அரங்கில் பார்வையாளர்கள் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைக்கு மேலே கம்பியாலான பூகோள உருண்டை ஒன்று தொங்குகிறது. சுற்றிலும் கையால் எழுதிய கடைப் பெயர்ப்பலகைகள். நாடகம் தொடங்கும் முன்பே நடிகர்கள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருக்கிறார்கள். வருகிறவர்களைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து முடி வெட்டுவதுபோல் பாவனை செய்கிறார்கள். ஆண்மை பற்றிய கனமான நாடகம் என்று முறுக்கிக்கொண்டு வந்தவர் ஐந்து நிமிடத்தில் தளர்ந்துவிடுவார்.

ஊர் மாறும்போதெல்லாம் விளக்கணைத்துப் பொருட்களை மாற்றுவதில்லை. 12 பேரும் சேர்ந்து பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், சக்கரம் வைத்த நாற்காலிகளைச் சுழற்றித் தள்ளுகிறார்கள், கழுத்தில் கட்டும் துணிகளை ஒரே தாளத்தில் உதறுகிறார்கள். இசைப் பொறுப்பு மைக்கேல் ஹென்றி, அசைவுகளை அமைத்தவர் அலீன் டேவிட். கறுப்பின ஆண்கள் கூட்டமாக நின்றாலே பயப்பட வேண்டும் என்று செய்திகளும் படங்களும் பழக்கிவைத்திருக்கும் ஊரில், அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, குரல் சேர்த்துப் பாடுவதைப் பார்ப்பதே ஒரு வாதம்தான். ஆண் ஆணை மென்மையாகத் தொடுவதற்கு நம் சமூகங்கள் அனுமதிக்கும் இடங்கள் குறைவு. விளையாட்டு மைதானம், சாவு வீடு, அப்புறம் சலூன்.

சலூனில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பேசுகிறவரும் கேட்கிறவரும் முகத்துக்கு முகம் பார்ப்பதில்லை. இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள், கண்ணாடி வழியாகத்தான் கண்கள் சந்திக்கின்றன. கேட்கிறவரின் கைகளுக்கு வேலை இருக்கிறது, அதனால் மௌனம் வந்தாலும் சங்கடமில்லை. உட்கார்ந்திருப்பவர் தலையை அசைக்க முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. முடி வெட்டி முடிந்ததும் பேச்சு தானாக முடிந்துவிடும் என்பதும் தெரியும். ஆலோசனை அறையில் எதிரெதிர் நாற்காலி போட்டு “சொல்லுங்கள்” என்று காத்திருக்கும்போது திறக்காத வாய், இந்த ஏற்பாட்டில் திறந்துகொள்கிறது. வட்ட அரங்கில் பார்வையாளர்களாகிய நாமே நான்கு பக்கக் கண்ணாடியாகிவிடுகிறோம்.

நான் பார்த்தது பதிவைத்தான். கொரோனா முடக்கத்தின்போது, 2020 மே மாதம் நேஷனல் தியேட்டர் இதன் பதிவை ஒரு வாரம் யூடியூபில் இலவசமாக வெளியிட்டது. அப்போது இங்கிலாந்தில் சலூன்கள் எல்லாம் மூடிக்கிடந்தன. ஜூலை 4 வரை திறக்கவில்லை. ஆண்கள் பேசுவதற்கு இருந்த ஒரே இடமும் போய்விட்ட நாட்களில் இந்த நாடகம் வீடு வீடாகப் போனது. யாரும் திட்டமிட்டு அமைத்த பொருத்தம் இல்லை அது.

குறைகள்

இருக்கின்றன. 30 பாத்திரங்களுக்கு மேல் வந்துபோகிறார்கள். ஒரே நடிகர் மூன்று நான்கு ஆளாக வரும்போது, யார் எந்த ஊர் என்று பிடிபடுவதற்குள் காட்சி முடிந்துவிடுகிறது. ஹராரே பகுதி எனக்கு அப்படித்தான் நழுவியது. சில வாக்குவாதங்கள் பதிவில் சுவையாக இருந்ததாலேயே உள்ளே வந்திருக்கின்றன என்று தோன்றும். பாத்திரத்துக்கு அவை எதையும் கூட்டுவதில்லை.

பெண்கள் மேடையில் இல்லாதது பற்றிச் சிலர் கேட்கிறார்கள். இது ஆண்கள் மட்டும் இருக்கும்போது நடக்கும் பேச்சு என்பதால் அந்தத் தேர்வு எனக்குப் பிரச்சினையாகப் படவில்லை. ஆனால் பேச்சில் வரும் மனைவிகள், அம்மாக்கள், காதலிகள் பெரும்பாலும் ஒரு ஜோக்குக்கோ புகாருக்கோ மட்டுமே வருகிறார்கள். அப்பாக்கள் இல்லாத வீடுகளைத் தாங்கிப் பிடித்தது அந்த அம்மாக்கள்தானே? சாமுவேலின் அம்மா இத்தனை வருடம் என்ன சொல்லி அவனை வளர்த்தாள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. நாடகம் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

இதற்குப் பின் 2021ல் லண்டனின் நியூ டியோரமா அரங்கில் ரயன் கலேஸ் கேமரன் எழுதிய வேறொரு நாடகம் வந்தது. அதில் ஆறு கறுப்பின இளைஞர்கள் குழு சிகிச்சைக்காகக் கூடுகிறார்கள். தற்கொலை எண்ணம் உட்பட எல்லாம் நேரடியாகப் பேசப்படுகிறது. பிறகு அது ராயல் கோர்ட் அரங்குக்கும், லண்டனின் பெரிய வணிக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டுக்கும் போனது. எல்லம்ஸ் சுற்றி வளைத்துத் தொட்டதை அது பெயர் சொல்லிக் கூப்பிட்டது. நான்கு வருட இடைவெளியில் மேடை அவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது. இருந்தாலும், சிகிச்சைக்கு வரச் சம்மதிக்காத ஆளுக்கு எல்லம்ஸின் நாடகம்தான் நெருக்கம் என்பது என் கருத்து.

கேட்கிறவரைக் கேட்பது யார்?

எல்லம்ஸ் கேள்விப்பட்டது ஒரு முன்னோடித் திட்டம். இன்று அதே யோசனை பல இடங்களில் நடைமுறையில் இருக்கிறது. தெற்கு இங்கிலாந்தின் டார்கி நகரில் டாம் சாப்மன் என்ற முடிவெட்டுபவர், தற்கொலையில் நண்பர் ஒருவரை இழந்த பிறகு 2015ல் ‘லயன்ஸ் பார்பர் கலெக்டிவ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அமெரிக்காவில் அர்கன்சா மாநிலத்தில் லொரென்ஸோ லூயிஸ் 2016ல் ‘கன்ஃபெஸ் ப்ராஜெக்ட்’ தொடங்கி, கறுப்பினச் சலூன்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறார். லயன்ஸ் பயிற்சி நான்கே படிதான்: மாற்றத்தைக் கண்டுகொள், விசாரி, காதுகொடு, உதவி இருக்கும் இடத்துக்கு அனுப்பு.

நான்காவது படியின் எடையை ஒரு ஆய்விலிருந்து ஊகிக்கலாம். அது மனநல ஆய்வு இல்லை, இரத்த அழுத்தம் பற்றியது. சலூனில் நடந்ததால் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலிஸில் ரொனால்ட் விக்டர் என்ற மருத்துவரின் குழு 52 சலூன்களில், உயர் இரத்த அழுத்தம் உள்ள 319 கறுப்பின ஆண்களைச் சேர்த்து நடத்தியது. 2018ல் முடிவு வெளிவந்தது. ஒரு பிரிவில் சலூன்காரர் அறிவுரை சொல்லி டாக்டரைப் பார்க்கத் தூண்டினார். இன்னொரு பிரிவில் சலூன்காரரின் தூண்டுதலோடு, மருந்தாளுநரே கடைக்கு வந்து மருந்து கொடுத்துக் கவனித்தார். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் மேல் அளவு சராசரியாக 9.3 புள்ளி குறைந்தது. இரண்டாவது பிரிவில் 27 புள்ளி. சலூன்காரரின் வார்த்தைக்கு மதிப்பிருந்தது, சந்தேகமில்லை. அவருக்குப் பின்னால் ஒரு ஆள் வந்து நின்றபோது அது மூன்று மடங்கானது.

இதைப் படித்த பிறகு எனக்கு இமானுவேல் வேறு விதமாகத் தெரிகிறார். அவர் நல்ல சலூன்காரர். எல்லோர் கதையும் அவருக்குத் தெரியும். பொறுமையாகக் கேட்பார், யாரையும் அவமானப்படுத்த மாட்டார், சண்டையை விலக்குவார். பயிற்சியாளர் யாராவது கடைக்கு வந்திருந்தால் இவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை என்று போயிருப்பார். அந்த மனிதர்தான் கடையிலேயே பெரிய சுமையை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார். அவர் முன்னால் இருக்கும் கண்ணாடியில் வாடிக்கையாளர் முகம் தெரியும், அவரிடம் “நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்க அந்தக் கடையில் ஆளில்லை. கடைசியில் அவரைப் பேசவைப்பது அக்கறைகூட இல்லை, சாமுவேலின் ஆத்திரம்.

முடிவெட்டுபவர்களை மனநலக் காவலர்களாக்கும் திட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வாடிக்கையாளர்களை எண்ணுகிறார்கள். எத்தனை பேர் பேசினார்கள், எத்தனை பேரை ஆலோசகரிடம் அனுப்பினோம் என்று. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பேருடைய துக்கத்தை நின்றுகொண்டே கேட்டுவிட்டு, கடையைப் பெருக்கிப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவரின் தூக்கத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆலோசகர்களுக்குத் தாங்கள் கேட்டதை இறக்கிவைக்க ஒரு மூத்தவர் இருப்பார். அது அவர்கள் தொழில் முறையிலேயே உண்டு. சலூன்காரருக்கும் மாதம் ஒருமுறையாவது அப்படி ஒரு ஆள் வேண்டும், சம்பளத்தோடு. இந்த நாடகத்தைப் பள்ளியிலோ கல்லூரியிலோ பாடமாக வைக்கிறவர்கள், பிறகு நடக்கும் கலந்துரையாடலுக்கு மனநல மருத்துவரைக் கூப்பிடுவது வழக்கம். பக்கத்துத் தெருவில் சலூன் வைத்திருப்பவரையும் கூப்பிடுங்கள். அவர் பேசுவதற்கு என்று அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள்.